தாமதமாக வந்த நீலம்

1993ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு பிற்பகல், முதுகலை முதலாண்டு மாணவி ஒருத்தியின் ரெக்கார்டு நோட்டில் ‘தவறு, மீண்டும் செய்க’ என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்திட்டேன். பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் கற்பித்த முப்பத்தொரு ஆண்டுகளில் என் கையெழுத்து எத்தனையோ தாள்களில் விழுந்திருக்கிறது. அவற்றுள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் ஏங்கியது அந்த ஒன்றைத்தான்.

அன்றைய பிராக்டிகல், மீன் தசையில் உள்ள கனிம பாஸ்பேட்டை அளப்பது. மற்ற மாணவர்கள் ஐஸ் பெட்டியிலிருந்து வாங்கிவந்த மீனில் செய்தார்கள். இந்தப் பெண் காசிமேட்டுக்காரி. அவள் அம்மா சந்தையில் மீன் விற்பவர். அவள் மூடியிட்ட தூக்குவாளியில் உயிருள்ள விரால் ஒன்றைத் தண்ணீரோடு கொண்டுவந்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “ஐஸ்ல வெச்ச மீனு வேற, உசுரோட இருக்கற மீனு வேற, மேடம்” என்றாள். அதற்குமேல் அவளும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மீனைக் கொன்ற நொடியில் தசையை வெட்டி, பனிக்கட்டியில் வைத்த டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தில் போட்டு அரைத்தாள். அவள் கை அவ்வளவு வேகமாக இயங்கியதை நான் பார்த்தேன். பார்த்தும் அதன் பொருள் எனக்குப் புரியவில்லை.

இந்தச் சோதனையை அறியாதவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். அமிலம் புரதத்தைத் திரளச் செய்துவிடும். வடிகட்டினால் தெளிந்த நீர் கிடைக்கும். அதில் கந்தக அமிலம் கலந்த அம்மோனியம் மாலிப்டேட்டைச் சேர்த்தால், நீரில் தனித்து உலவும் பாஸ்பேட் மாலிப்டேட்டோடு கூடிக்கொள்ளும். பிறகு அமினோநாப்தால்சல்போனிக் அமிலம் என்ற நீண்ட பெயர் கொண்ட, மாணவர்கள் ‘ஆன்சா’ என்று சுருக்கிச் சொல்லும் பொருளைச் சேர்க்க வேண்டும். குழாய் நீலமாகும். பாஸ்பேட் எவ்வளவோ அவ்வளவு நீலம். அந்த நிறத்தை நான் முதன்முதலில் 1981இல் மாணவியாகப் பார்த்தபோது, எங்கள் வீட்டுப் பின்கட்டு வாளிதான் நினைவுக்கு வந்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவள் நான். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுக்க வந்து குடியேறியவர்களால் பெயர்பெற்ற பேட்டை அது. கடைசி அலசலில் அம்மா சொட்டு நீலம் விடும்போது தண்ணீருக்குள் புகைபோல இறங்கிப் பரவும் நிறமும், இந்தக் குழாயின் நிறமும் என் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன.

தெரிந்த அளவு பாஸ்பேட் ஊற்றிய குழாயில் பத்து நிமிடத்துக்குள் நிறம் ஏறி நிலைத்துவிடும். ஐஸ் மீன்காரர்களின் குழாய்களிலும் அப்படித்தான் ஆயிற்று. இவளுடைய குழாய் ஐந்தாம் நிமிடத்தில் வெளிறிக் கிடந்தது. பத்தில் கொஞ்சம் ஏறியது. இருபதில் இன்னும் ஏறியது. நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கலரிமீட்டரின் முள் அரைமணி நேரம் நகர்ந்துகொண்டே இருந்தது. குழாயைச் சோப்புத்தூளில் கழுவியிருப்பாய், சோப்புத்தூளில் பாஸ்பேட் உண்டு, அது கலந்துவிட்டது என்றேன். வேறு குழாய் எடுத்து மீண்டும் செய்தாள், அதே கதை. மாலிப்டேட் பழசாகியிருக்கும் என்றேன். புதிதாகக் கரைத்து மூன்றாம் முறை செய்தாள். மீண்டும் அதே நிதானத்தில் நீலம் ஏறியது. மணி நாலரை ஆகிவிட்டது. சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

அன்றிரவு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் கைகள் நின்றன. நான் எந்த முறையை அவளுக்குக் கற்பித்தேனோ, அந்த முறைக்குத் தன் பெயரைத் தந்தவர்களில் ஒருவரான சுப்பாராவ் 1926ஐ ஒட்டிய மாதங்களில் பாஸ்டனில் பார்த்தது இதே தாமதத்தைத்தான். அந்தத் தாமதத்தை அவர் தவறு என்று தள்ளவில்லை. அதனால்தான் தசையின் வேதியியல் மாறிப்போனது.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பை ஏற்று அறுவை அரங்கிலும் கதர் அங்கியே அணிந்தார். அது ஆங்கிலேய அறுவைப் பேராசிரியரின் மனத்தைக் கசக்க வைத்தது. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும் முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்கு ஒருபடி கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலில் நான் வேலைக்குப் போய்வந்த காலமெல்லாம், பூங்கா நிலையத்தில் வண்டி நிற்கும்போது அந்தக் கல்லூரியின் பக்கம் கண் போகும். நோயாளிகளும் உடன் வந்தவர்களும் சோற்றுத் தூக்கோடு இறங்கி நடப்பார்கள். அதே சாலையில் கதர் உடுத்திய ஓர் இளைஞர் பட்டம் மறுக்கப்பட்டு நடந்திருப்பார் என்ற நினைப்பு, வண்டி கிளம்பும் வரை என்னை விடாது.

1921இல் அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாட்கள் இடைவெளியில் ஸ்ப்ரூ என்ற குடல் நோயால் இறந்தார்கள். உண்ட உணவு உடம்பில் ஒட்டாமல், இரத்தம் வற்றி, நாக்குப் புண்ணாகி மெலிந்து சாகும் நோய் அது. அவரையும் அது பிடித்தது. ஆயுர்வேத வைத்தியர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்து, அவர் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு கற்பித்தார். பிறகு அமெரிக்கா சென்றார். 1923ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் தேதி பாஸ்டனில் இறங்கியபோது அவருக்கு வயது 28. சில ஆண்டுகளில் திரும்பிவிடுவேன் என்று இளம் மனைவியிடம் சொல்லிச் சென்றவர், திரும்பவே இல்லை. அந்தப் பெண்ணின் காத்திருப்பைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. சுப்பாராவை நான் மதிக்கும் அளவுக்கு அந்த இடம் எனக்கு வலிக்கிறது. ஆராய்ச்சியின் பெயரால் அதை நியாயப்படுத்த நான் முன்வரமாட்டேன்.

பாஸ்டனில் பகலில் வெப்பமண்டல மருத்துவம் படித்தார். செலவுக்காக மருத்துவமனையில் இரவு ஊழியராக நோயாளிகளின் மலப்பாத்திரம் கழுவினார். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் ஓட்டோ ஃபோலின் தலைமையில் இருந்த உயிர்வேதியியல் துறை அவரை ஏற்றுக்கொண்டது. அங்கே சைரஸ் ஃபிஸ்க்கோடு சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். அதற்கு முன்பும் மாலிப்டேட் நீலத்தைக் கொண்டு அளந்தார்கள். ஆனால் நிறம் மெதுவாக வரும், நிலையாக நிற்காது, கலந்திருக்கும் வேறு உப்புகள் குழப்பும். இவர்கள் நிறம் வரவழைக்கும் பொருளை மாற்றியதும் அளவு விரைவானது, நம்பத்தக்கதானது. எலும்பு நோயையும் சிறுநீரக நோயையும் அறிய இரத்தத்தில் பாஸ்பரஸைப் பார்க்கும் வழக்கம் பரவ அம்முறை பெரிதும் உதவியது. உலகில் உயிர்வேதியியல் படித்த ஒவ்வொருவரும் ஒருமுறையாவது அந்த நீலத்தைக் கண்டிருப்பார்கள்.

அடுத்துத் தசைச்சாற்றில் அளக்கத் தொடங்கினார்கள். வேகமாக நிறம் தரும் தங்கள் முறையே அங்கு மெதுவாக நிறம் காட்டியது. சாதாரண ஆய்வாளர் அங்கே என்ன செய்வாரோ அதையே 1993இல் நான் செய்தேன்: கரைசலைக் குறைசொன்னேன், குழாயைக் குறைசொன்னேன், கையைக் குறைசொன்னேன். ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தாமதத்தையே அளந்தார்கள். நிறம் இப்போதுதான் வருகிறது என்றால், பாஸ்பேட்டும் இப்போதுதான் வெளியே வருகிறது என்று பொருள். அதாவது தசையில் அது எதனுடனோ கட்டுண்டு இருக்கிறது. மாலிப்டேட்டும் அமிலமும் அந்தக் கட்டை மெல்ல அவிழ்க்கின்றன. எதனுடன் என்று தேடியபோது, தசையில் உள்ள கிரியேட்டின் என்ற பொருள் கிடைத்தது. 1927இல் பாஸ்போகிரியேட்டின் என்று பெயரிட்டு அறிவித்தார்கள். தசையைத் தூண்டினால் அது குறைகிறது, ஓய்வு கொடுத்தால் திரும்பச் சேர்கிறது என்பதையும் கண்டார்கள். அவ்வாண்டிலேயே லண்டனில் எகிள்டன் தம்பதியரும் இத்தகைய நிலையற்ற பாஸ்பேட் ஒன்றைத் தசையில் கண்டிருந்தனர்.

இதன் கனம் புரிய வேண்டுமானால் அன்றைய கொள்கையை நினைக்க வேண்டும். சர்க்கரை லாக்டிக் அமிலமாக மாறுவதே தசையைச் சுருங்கச் செய்கிறது என்று கருதப்பட்டது. தசை ஆய்வுக்காக ஆர்ச்சிபால்டு ஹில்லும் ஓட்டோ மயர்ஹாஃபும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்திருந்தனர். பாஸ்போகிரியேட்டின் வந்ததும் அந்தக் கொள்கை ஆட்டம் கண்டது. 1930இல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்டு, லாக்டிக் அமிலம் உண்டாகாமலேயே தசை சுருங்கும் என்று காட்டினார். இதற்கிடையில் 1929இல் சுப்பாராவும் ஃபிஸ்க்கும் தசையிலிருந்து அடினோசின் டிரைபாஸ்பேட்டைப் பிரித்தெடுத்திருந்தார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதே ஆண்டு அதையே கண்டார். உயிர் உள்ள எல்லாவற்றுக்கும் ஆற்றலின் செலாவணியாக இருக்கும் ஏ.டி.பி. அதுதான்.

காசிமேட்டுப் பெண்ணின் சொல்லுக்கு இங்கே விடை இருக்கிறது. மீன் செத்ததும் பாஸ்போகிரியேட்டின் மளமளவென்று தீர்ந்துபோகிறது. அது தீர்ந்தபின் ஏ.டி.பி. குறைகிறது, ஏ.டி.பி. இல்லாத தசை தளர முடியாமல் விறைக்கிறது. பின்னர் ஏ.டி.பி. படிப்படியாகச் சிதைந்து ஹைப்போசாந்தின் என்ற பொருளில் போய் முடிகிறது. மீனின் புதுமையை அந்தச் சிதைவைக் கொண்டு ஆய்வகத்தில் கணக்கிடுகிறார்கள். மீன் விற்கும் பெண்களோ செவுளைத் தூக்கிப் பார்த்தும், சதையை விரலால் அழுத்தியும், ஏறக்குறைய அதே கணக்கைச் சொல்லிவிடுவார்கள். ஐஸ் மீனில் பாஸ்போகிரியேட்டின் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதால் மற்றவர்களின் குழாயில் நீலம் உடனே வந்து நின்றது. உயிருள்ள விராலில் அது குறையாமல் இருந்ததால் நீலம் தாமதித்தது. வகுப்பில் சரியாகச் சோதனை செய்த ஒரே மாணவிக்கு நான் தவறு போட்டிருந்தேன்.

சுப்பாராவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவர் பெறாத நோபல் பரிசில் தொடங்கி, அவர் தந்த மருந்துகளின் பட்டியலில் முடிக்கிறார்கள். எனக்கு அதில் மனநிறைவு இல்லை. நீலக் குழாயின் முன்னால் அவர் காத்திருந்த அரைமணி நேரத்தை விட்டுவிட்டால் மற்றவையெல்லாம் மந்திரவித்தை போல ஆகிவிடும். ஹார்வர்டில் அவர் 17 ஆண்டுகள் உழைத்தும் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1988இல் நோபல் பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் மாணவராக அதே ஆய்வகத்தில் இருந்தவர்; சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருட்கள், ஃபிஸ்க் அவற்றை வெளிவரவிடாததால், பிறகு மற்றவர்களால் மறுபடி கண்டுபிடிக்கப்பட வேண்டியதாயிற்று என்று அவர் பிற்காலத்தில் சொன்னார். மாணவர்களின் உழைப்பில் என் பெயரையும் சேர்த்துக் கட்டுரை வெளியிட்டவள் என்ற முறையில், இதை வாசிக்கும்போதெல்லாம் என் பழைய கட்டுரைகளின் பெயர் வரிசையை மனத்துக்குள் திரும்பப் பார்த்திருக்கிறேன். உயிர்வேதியியலில் ஓர் ஆசிரியர் மாணவருக்குச் செய்யக்கூடிய பெரிய அநீதி, அவர் கண்டதை மேசை அறைக்குள் பூட்டிவைப்பதுதான்.

1940இல் அவர் பல்கலைக்கழகத்தை விட்டு, நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்துக்குச் சென்றார். அங்கிருந்த எட்டு ஆண்டுகளின் விளைச்சல் எங்கள் தெருவரை வந்தது.

என் ஆயாவுக்கு இடது கால் யானைக்கால். முழங்காலுக்குக் கீழே உரல்போல் வீங்கி, மடிப்பு மடிப்பாகத் தோல் தடித்திருக்கும். கால்வாய்களும் தேங்கிய சாக்கடையும் சூழ்ந்த வடசென்னையில், அழுக்கு நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுதான் அந்த நோயைத் தரும் புழுவைச் சுமந்து வந்தது. சிறுமியாக இருந்தபோது, இரவு எட்டு மணிக்குமேல் சுகாதார ஊழியர்கள் விளக்கோடு வந்து எங்கள் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தம் தடவி எடுத்துப்போவார்கள். தூக்கத்தில் எழுப்புகிறார்களே என்று அழுவேன். புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் நாளங்களில் ஒதுங்கிக்கொண்டு, கொசு கடிக்கும் நள்ளிரவை ஒட்டித்தான் தோலருகே உள்ள இரத்தத்துக்கு வருகின்றன என்பதைப் படித்தபோதுதான் அந்த இரவு வருகையின் காரணம் தெரிந்தது. அந்தக் குஞ்சுகளை இரத்தத்திலிருந்து அகற்றும் டைஎதில்கார்பமசின் மாத்திரை, 1947இல் சுப்பாராவின் தலைமையில் இருந்த ஆய்வகத்திலிருந்து ஹெட்ராசான் என்ற பெயரில் வந்தது. உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிகிராம் வீதம் 12 நாட்கள் கொடுப்பார்கள். தலைச்சுற்றலுக்குப் பயந்து பலர் அதை வாங்கி வாசலிலேயே எறிந்தார்கள். ஆயா மட்டும் தெருவில் உள்ள பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, தன் புடவையைச் சற்று உயர்த்திக் காலைக் காட்டி, விழுங்கியபின்தான் அனுப்புவார். அவர் காலை அந்த மாத்திரையால் பழையபடி ஆக்க முடியவில்லை. ஒருமுறை தடித்துவிட்ட காலுக்கு அதனால் செய்யக்கூடியது குறைவு. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அவர் கடைசிவரை அழைத்த ஸ்டான்லிக்கு மாதந்தோறும் என்னைத் துணைக்கழைத்துப் போவார். காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, தலையணைமேல் தூக்கி வைப்பது என் வேலை.

ஃபோலிக் அமிலத்தின் கதை இன்னும் நெருக்கமானது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் லூசி வில்ஸ், பம்பாயில் கர்ப்பிணிகளின் இரத்தசோகை ஈஸ்ட் சாற்றால் தீர்வதைக் கண்டார். அந்தச் சாற்றில் இருந்த பொருளைத் தேடிய நெடிய பயணம், 1945இல் சுப்பாராவின் குழு அதைச் செயற்கையாகத் தயாரித்ததில் முடிந்தது. விரைவிலேயே டாம் ஸ்பைஸ் என்ற மருத்துவர் கியூபாவில் அதை ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்து, அவர்களின் இரத்தம் தேறுவதைக் காட்டினார். சகோதரர்களைக் கொன்ற நோயின் மருந்தை 24 ஆண்டுகளுக்குப் பிறகு அவரே வடித்துத் தந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் என் பிரசவத்துக்குப் பதிந்தபோது எனக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையில் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கலந்திருந்தது.

அதே பொருளைச் சற்றே மாற்றி அமைத்தால் அது உயிரணுக்களின் பெருக்கத்தைத் தடுக்கும். அப்படி உருவான அமினோப்டெரினைப் பாஸ்டனின் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கொண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, 10 பேரிடம் தற்காலிக முன்னேற்றம் கண்டதை 1948இல் வெளியிட்டார். புற்றுநோய்க்கு மருந்து உண்டு என்ற நம்பிக்கைக்கு அதுவே பெரிய அடித்தளம். அதன் உறவான மெத்தோட்ரெக்சேட்டை என் தங்கை மூட்டுவாதத்துக்காக வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்துக்கொள்கிறாள். வயிறும் வாயும் புண்ணாகாமல் இருக்கத் திங்கட்கிழமை ஃபோலிக் அமிலம். இரண்டும் ஒரே ஆய்வகத்தில் பிறந்தவை என்று அவளுக்குச் சொன்னேன். மாத்திரை டப்பாவில் அந்த இரண்டு அட்டைகளையும் அவள் இப்போது சேர்த்தே வைத்திருக்கிறாள்.

பெஞ்சமின் டக்கர் கண்ட டெட்ராசைக்ளின் வகையின் முதல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தான ஆரியோமைசினும் சுப்பாராவ் இயக்குநராக இருந்த அந்த ஆய்வகத்தில் 1948இல்தான் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், 53ஆம் வயதில், உறக்கத்திலேயே சுப்பாராவ் இறந்தார். கடைசிவரை அமெரிக்கக் குடியுரிமை பெறவில்லை. நூற்றாண்டையொட்டி 1995இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டபோது அதில் பத்து வாங்கி, அந்த ஆண்டு மாணவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன்.

1994 முதல் ஓய்வுபெற்ற 2019 வரை, அந்தப் பிராக்டிகலுக்கு ஐஸ் மீனும் உயிருள்ள விராலும் இரண்டுமே மேசைக்கு வந்தன. இரண்டாம் நிமிடத்திலிருந்து முப்பதாம் நிமிடம் வரை இடைவிடாது அளந்து, இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரையச் சொன்னேன். ஏன் வேறுபடுகின்றன என்று நான் முதலில் சொல்லமாட்டேன்.

1993இல் அந்தப் பிற்பகலுக்கு மறுநாள் காலை, ஆய்வகம் திறப்பதற்கு முன்பே போய்க் காத்திருந்தேன். அவள் வந்ததும், நேற்று நீ செய்தது சரி, நான் எழுதியதுதான் தவறு, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுது, கையெழுத்திடுகிறேன் என்றேன். அவள் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சற்று யோசித்தாள். “கிழிக்க வேணாம் மேடம். அது அப்படியே இருக்கட்டும். கீழ இன்னிக்குத் தேதி போட்டு எழுதிக் குடுங்க” என்றாள். சிவப்பு வரியின் அடியில், நிறம் முப்பதாம் நிமிடம் வரை கூடுகிறது, காரணம் பாஸ்போகிரியேட்டின் என்று எழுதித் தேதியிட்டுக் கொடுத்தேன். அவள் வாளியைத் திறந்தாள். அன்றும் ஒரு விரால் கொண்டுவந்திருந்தாள்.